கரையானுக்குப் படிக்கத் தெரியும்

ஒவ்வொரு தைப்பூசத்தன்றும் திருவண்ணாமலை அண்ணாமலையாருக்கு ஒரு சாவுச் செய்தி போகிறது. ஈசான்யக் குளத்தில் தீர்த்தவாரி முடிந்து சுவாமி மேளதாளத்தோடு திரும்பிக்கொண்டிருப்பார். வழியில், வல்லாள மகாராஜா போரில் மாண்டுபோனார் என்று வந்து சொல்வார்கள். அந்த இடத்தோடு மேளம் நின்றுவிடும். நாகசுரம் இல்லை, தவில் இல்லை. தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையாகச் சுவாமி கோயிலுக்குத் திரும்புவார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளித் திதி கொடுப்பார். பிள்ளையில்லாத ராஜாவுக்கு நானே பிள்ளை என்று ஏற்றுக்கொண்ட கடமை அது என்கிறது கோயில் மரபு.

போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் மதுரை சுல்தானிடம் சிக்கி இறந்தது 1342-43 வாக்கில். அவனுடைய தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததை இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு இந்த ஊரை ஆண்டவர்கள் எத்தனை பேர்! விஜயநகரம் வந்தது, நாயக்கர் வந்தார்கள், ஆற்காட்டு நவாப், கும்பினி, கலெக்டர், கடைசியில் அறநிலையத் துறை. ஏறக்குறைய 680 வருடம் ஆகிறது. இத்தனை ஆட்சி மாற்றத்திலும் திதி விட்டுப்போகவில்லை. ‘மன்னர் இறந்த விவரம் அடங்கிய கோப்பு பதிவறையில் காணப்படவில்லை, மறு சான்று சமர்ப்பிக்கவும்’ என்று சுவாமிக்கு யாரும் ஓலை அனுப்பவில்லை.

சுவாமி சம்பளம் வாங்காதவர். அகவிலைப்படி கிடையாது, பதவி உயர்வுக்கும் வழியில்லை. அதனால்தான் அவருக்கு இந்த அக்கறையோ என்னவோ.

சம்பளம் வாங்குகிறவர்களிடம் வருவோம். கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மஞ்சள் பையோடு அலுவலகப் படியேறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். எந்தத் திங்கட்கிழமையும் இப்படி நாலு பேரைப் பார்க்கலாம்.

“சார், எங்கப்பன் நெலம். யு.டி.ஆர் கணக்குல பக்கத்துக் காட்டுக்காரன் பேரு ஏறிப்போச்சு. அதுக்கு முந்தின கணக்கு ஒரு நகல் குடுத்தீங்கன்னா போதும்.”

“எந்த வருசம் பெரியவரே?”

“எழுபத்தெட்டுக்கு முன்னாடிங்க சார்.”

“அப்பல்லாம் நாம வட ஆற்காடு. ஃபைல் வேலூர்ல இருக்கும்.”

“வேலூரு போயிட்டுத்தான் வரேன் சார். ஜில்லா பிரிக்கச்சொல்லவே இங்க அனுப்பிட்டோம்னு சொல்றாங்க.”

“அப்படியா சொன்னாங்க? ரெக்கார்டு ரூம் ஆள் தீப டூட்டிக்குப் போயிருக்கார். தீபம் முடியட்டும், வாங்க.”

“தீபம் முடிஞ்சு பத்து நாள் ஆவுதுங்களே சார்.”

“பௌர்ணமி வருது இல்ல?”

வெளியூர்க்காரர்களுக்கு இது நகைச்சுவை. இந்த ஊர்க்காரர்களுக்கு இது நாட்காட்டி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் ஜனம் மலை சுற்ற வருகிறது. சித்ரா பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் எல்லாத் துறைக்கும் சிறப்புப் பணி. கூட்டத்தைச் சமாளிப்பது பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் தீபத்துக்கு முன் ‘தீபம் வருது’, தீபத்துக்குப் பின் ‘தீபம் இப்பத்தானே முடிஞ்சுது’ என்று சொல்லிச் சொல்லி, இந்த ஊர்ப் பஞ்சாங்கத்தில் கோப்பு தேட நல்ல நாள் என்று ஒன்றே இல்லாமல் செய்துவிட்டார்கள். 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தது. அன்று பிறந்த குழந்தைக்கு இன்று நரை விழத் தொடங்கியாயிற்று. கோப்பு மட்டும் வேலூருக்கும் வேங்கிக்காலுக்கும் நடுவே எங்கோ இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறது.

விதி இல்லாததால் வந்த வினையா? அதுதான் இல்லை. சென்னை மாகாணத்தில் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி வகுத்த முறைதான் இன்றும் நம் அலுவலகங்களின் அடிப்படை. வந்த தபாலுக்கு எண் போடு. யார் மேசைக்குப் போகிறது என்று பகிர்மானப் பதிவேட்டில் எழுது. வாங்கிய எழுத்தர் தன்பதிவேட்டில் ஏற்றட்டும். யாருக்கு எழுதினார், என்றைக்கு நினைவூட்டு அனுப்பினார், என்றைக்குப் பதில் வந்தது என்பதெல்லாம் அதே வரிசையில் நிற்கட்டும். கண்காணிப்பாளர் குறித்த நாளில் பார்த்துச் சுருக்கொப்பம் இடட்டும். வேலை முடிந்த கோப்புக்கு முடிவு எண் உண்டு. ஆர்.டிஸ். என்றால் என்றைக்கும் இருக்க வேண்டியது, டி.டிஸ். என்றால் பத்து வருடம், கே.டிஸ். மூன்று, எல்.டிஸ். ஒன்று. பதிவறையிலிருந்து ஒரு கட்டை உருவினால், உருவிய இடத்தில் யார் எடுத்தது, எதற்கு எடுத்தது என்று சீட்டு வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். வரி ஒழுங்காக வந்து சேர வேண்டும் என்பதற்காக வெள்ளைக்காரன் செய்த ஏற்பாடுதான், தர்ம சிந்தனை ஒன்றும் இல்லை. இருந்தாலும் முறை நல்ல முறை. கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு காகிதம் இந்த நிமிடம் எந்த மேசையில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த முறை.

அந்த முறையில் இன்று உயிரோடு இருப்பது தபாலுக்குப் போடும் ந.க. எண் ஒன்றுதான். அதுவும் எப்படி உயிரோடு இருக்கிறது என்று சொல்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் நான் ஒரு பழைய கோப்பு கேட்டேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். ‘தாங்கள் கோரிய கோப்பு இவ்வலுவலகத்தில் காணப்படவில்லை’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலின் அழகைப் பாருங்கள்: மேலே ந.க. எண், நாள். பார்வையில் என் மனுவின் தேதி பிசகாமல். கீழே கையெழுத்து, பதவி முத்திரை. அதற்கும் கீழே, ‘நகல்: அலுவலகக் கோப்புக்கு’. கோப்பு இல்லை என்பதற்கு ஒரு கோப்பு இருக்கிறது. அது தொலையாது. என் பேரன் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

எல்லாப் பழியையும் கரையான் தலையில் போடுகிறார்கள். நியாயமில்லை, அல்லது அரை நியாயம்தான். நம் அலுவலகக் கரையானை நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். அதற்குப் படிக்கத் தெரியும். பழைய நிலக் கணக்கான அ-பதிவேட்டைத் தின்னும். பக்கத்து அலமாரியில் இருக்கும் பணிப்பதிவேட்டைத் தொடாது. கோயில் நிலத்தின் குத்தகைக் கணக்கு அதற்கு அல்வா. ஊதிய உயர்வு ஆணை என்றால் விலகிப் போய்விடும். புறம்போக்கை யார் பெயருக்கு மாற்றினார்கள் என்ற கோப்பை ஒரே ராத்திரியில் மென்று முடிக்கும். அதே வருடம் அதே அதிகாரி சரண் செய்த ஈட்டிய விடுப்புக் கணக்கு அதற்குக் கசக்கும். ஒரு ஊழியர் ஓய்வுபெறும் நாளில் அவருடைய முப்பது வருட வாழ்க்கை பக்கம் பக்கமாக மேசைக்கு வரும்: எந்த மாதம் எத்தனை நாள் மருத்துவ விடுப்பு, எந்தத் தேர்வில் எப்போது தேறினார், எந்தத் தேதி முற்பகல் பணியில் சேர்ந்தார், எந்தத் தேதி பிற்பகல் விடுவிக்கப்பட்டார், ஒவ்வொன்றுக்கும் அத்தாட்சிக் கையொப்பம். முற்பகலா பிற்பகலா என்பது வரை!

ஆகவே, நம் அலுவலகங்களில் பதிவேடு பேணும் பண்பாடு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தாராளமாக இருக்கிறது. அதன் வாசலை மட்டும் உள்பக்கம் பார்த்து வைத்துவிட்டார்கள்.

வெளிப்பக்கம் என்ன நடக்கிறது? 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பது பற்றி 75 கட்டளைகள் கொண்ட ஒரு தீர்ப்பைத் தந்தது. அதில் ஒரு சின்னக் கணக்கு வருகிறது. 1985-87 காலத்து அறநிலையத் துறைக் கொள்கைக் குறிப்பில் தமிழ்நாட்டுக் கோயில்களின் நிலம் 5.25 லட்சம் ஏக்கர். அண்மைக் காலக் கொள்கைக் குறிப்பில் 4.78 லட்சம் ஏக்கர். மீதி 47,000 ஏக்கர் எங்கே என்று நீதிபதிகள் கேட்டார்கள். இரண்டும் ஒரே துறை அச்சிட்ட குறிப்பு. எதிர்க்கட்சி கிளப்பிய புரளி இல்லை. துறையே எழுதி, துறையே சட்டமன்றத்தில் வைத்தது. நடுவில் இருந்த முப்பத்துச் சொச்சம் வருடத்தில் எத்தனை அமைச்சர்கள், எத்தனை ஆணையர்கள், எத்தனை மானியக் கோரிக்கைகள்! இந்த எண்ணையும் போன எண்ணையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க ஒருவருக்கும் கண்ணாடி கிடைக்கவில்லை. நிலம் எங்கும் போகாது; அது நடக்காது, பறக்காது. காகிதம்தான் நடக்கும். காகிதம் நடந்தால் நிலம் அதன் பின்னால் போகும்.

1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 29ஆம் பிரிவு ஒவ்வொரு கோயிலும் சொத்துப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. நகை, பாத்திரம், நிலம், பத்திரம், சிலை எல்லாம் அதில் ஏற வேண்டும். ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். ஆண்டுதோறும் சரிபார்த்திருந்தால் 47,000 ஏக்கர் ஒரே நாளில் காணாமல் போனது மாதிரி நீதிமன்றத்துக்குத் தெரிந்திருக்காது. முதல் 47 ஏக்கர் குறைந்த வருடமே யாரோ ஒருவருடைய தூக்கம் கெட்டிருக்கும். நிலத்தோடு நின்றதா? சிலைத் திருட்டு வழக்குகளின் 41 கோப்புகள் காணாமல் போய்விட்டன என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்கு போயிருக்கிறது. சிலையைத் திருடியவன் ராத்திரியில் சுவர் ஏறிக் குதித்தான். கோப்பு போனது காவல் நிலையத்தின் முன்வாசல் வழியாகவா, பின்வாசல் வழியாகவா? திருட்டுப்போன சிலை அமெரிக்க அருங்காட்சியகத்தில் வெளிச்சம் போட்டு நிற்கும், தேடினால் கிடைக்கும். திருட்டுப்போன கோப்பை எந்த அருங்காட்சியகத்தில் தேடுவது?

இதே சுவாமி ஒரு காலத்தில் வழக்காடியவர். திருவண்ணாமலையிலிருந்து திருவெண்ணெய்நல்லூர் அதிக தூரமில்லை. சுந்தரருடைய கல்யாணப் பந்தலுக்குக் கிழ வேதியராக வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்று சிவன் நின்ற கதையைப் பெரியபுராணம் படித்தவர்கள் அறிவார்கள். மாப்பிள்ளைக்கு ஆத்திரம். ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் பதறவில்லை. கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையும் சும்மா விடவில்லை. பாட்டன் கையெழுத்துத்தானா என்று பார்க்க, காப்பில் இருந்த அவருடைய வேறொரு ஓலையை வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். மூலம் வீட்டில், நகல் கையில், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஆவணம் சபையின் காப்பில்! சேக்கிழார் சோழ அரசில் உயர்ந்த பதவி வகித்தவர் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் இந்தக் காட்சியின் ருசியே வேறு. திருமந்திர ஓலை எழுத, ஓலைநாயகம் ஒப்ப, வரிப்பொத்தகத்தார் கணக்கில் ஏற்ற, ஒரு தானம் செல்லுபடியாவதற்கு வரிசையாக அதிகாரிகள் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த அரசாங்கம் அது. அந்தச் சிவன் இன்று நம் அலுவலகம் ஒன்றுக்கு வந்து மூல ஓலை கேட்டிருந்தால், சுந்தரர் நிம்மதியாகக் கல்யாணம் செய்துகொண்டு நாலு பிள்ளை பெற்றிருப்பார். தேவாரத்தில் ஏழாம் திருமுறை இருந்திருக்காது.

இந்த ஊருக்கு வந்து சேர்ந்த இன்னொருவர் கணக்கையும் சொல்ல வேண்டும். 1896 ஆகஸ்ட் 29. மதுரையில் வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். அண்ணன் காலேஜ் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை வழிச்செலவுக்கு எடுத்துக்கொள்கிறான். மீதி இரண்டு ரூபாயை ஒரு சீட்டோடு வைக்கிறான். சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறான். உலகத்தையே துறக்கப் போகிறவன் இருப்புக் கணக்கு கொடுத்துவிட்டுப் போகிறான். பிறகு ரமண மகரிஷியாகிக் கோவணத்தோடு உட்கார்ந்திருந்தவரின் பேச்சை 1935 முதல் 1939 வரை ஒருவர் தேதி போட்டுக் குறித்து வைத்தார். பிறகு இன்னொருவர் நாட்குறிப்பாகவே எழுதினார். எந்த நாள் காலையில் யார் என்ன கேட்டார் என்று இன்றும் புரட்டிப் பார்க்கலாம். மலையடிவாரத்தில் ஒன்றும் வேண்டாம் என்று இருந்தவரைச் சுற்றி இத்தனை பதிவு. எல்லாம் வேண்டும் என்று இருக்கிறவர்களின் அலுவலகத்தில் எண்பத்தேழாம் வருடத்துக் கட்டு ஒன்று கூட நிமிர்ந்து நிற்கவில்லை.

சரி, யார் மேல் கோபப்படுவது? பதிவறை எழுத்தர் மேலா? அவரைப் போய்ப் பாருங்கள். ஜன்னல் திறக்காத அறை, நாற்பது வாட் பல்பு. கூரையில் ஒழுகும் இடத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. மூக்கில் கட்டிய கைக்குட்டை சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். பல அலுவலகங்களில் அந்த ஆளும் கிடையாது. பணியிடம் காலி, ஓட்டுநரோ இரவுக் காவலரோ ‘கூடுதல் பொறுப்பாக’ச் சாவி வைத்திருப்பார். நம் அலுவலகங்களில் ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால் பதிவறைக்குப் போடுவார்கள். மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசியவர், சங்கத்தில் தவறான அணியில் நின்றவர், கையூட்டில் பங்கு கொடுக்காதவர், இவர்களுக்கெல்லாம் அதுதான் அந்தமான். அரசாங்கத்தின் மூளை இருக்கும் அறையைச் சிறையாக்கி வைத்துவிட்டு, ஏன் நினைவு தப்புகிறது என்று கருத்தரங்கு நடத்துகிறோம். கருத்தரங்குக்குப் பதிவறை எழுத்தரை அழைப்பதில்லை. அவர் வந்தால் சாவி யாரிடம் கொடுப்பது?

வருடத்தில் ஒரு நாள் மட்டும் அந்த அறைக்கு யோகம். ஆயுத பூஜை. அன்று ஒட்டடை அடிப்பார்கள், கழுவி விடுவார்கள், கட்டுகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரிகடலை படைப்பார்கள். இடம் போதாமல் கிடந்த சில மூட்டைகள் அன்றைக்கே பழைய பேப்பர் கடைக்குக் கிளம்பும். எது ஆர்.டிஸ்., எது எல்.டிஸ். என்று பார்ப்பது யார்? பூஜை நேரம் தவறிவிடும்.

ஜமாபந்திக்கு வருகிறேன். ஒரு பசலி ஆண்டு முடியும் முன் மாவட்டத்தின் பெரிய அதிகாரி தாலுகாவுக்கு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கிராமத்தின் கணக்கையும் வரி வரியாகச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதற்காக ஏற்பட்டது அது. சாகுபடிக் கணக்கான அடங்கல் என்ன சொல்கிறது, வசூல் என்ன சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போகிறதா? பெயரே கணக்கைத் தீர்ப்பது என்றுதான். இன்றைக்கு ஜமாபந்தியில் சால்வை, மாலை, மனு வாங்கும் புகைப்படம், பத்துப் பேருக்கு மேடையில் பட்டா. கிராமக் கணக்கு ஒரு மூலையில் சிவப்புத் துணி சுற்றி உட்கார்ந்திருக்கும், கல்யாணத்துக்கு வந்த ஏழைச் சொந்தக்காரர் மாதிரி. யாரும் அதனிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.

இந்த அலங்கோலத்துக்குக் காரணமான பழைய கதைகளும் உண்டு. அவற்றையும் மறைக்க வேண்டாம். பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அடியில் ஒழித்தது. பரம்பரைப் பதவி போனது நல்லது. பல ஊர்களில் அந்தப் பதவி ஒரு சாதியின் பிடியில் கிராமத்தையே வைத்திருந்தது. ஆனால் கணக்கு கர்ணம் வீட்டுப் பரணில் இருந்தது. பதவி போன கோபத்தில் எத்தனை பேர் முழுசாக ஒப்படைத்தார்கள் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். அதே சமயத்தில்தான் யு.டி.ஆர். என்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டமும் நடந்துகொண்டிருந்தது, 1979 முதல் 1987 வரை. பழைய கணக்குப் பிள்ளை போய்விட்டார், புதிய கிராம நிர்வாக அலுவலருக்கு எல்லைக்கல் தெரியாது, அந்த நேரத்தில் மாநிலத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் பெயர் எழுதினார்கள். திண்ணையில் உட்கார்ந்து சொன்னவன் பெயர் ஏறியது. கழனியில் நின்றவன் பெயர் விட்டுப்போனது. இன்றைக்கு வருவாய்க் கோட்டாட்சியர் முன் நிற்கும் வழக்குகளில் ‘யு.டி.ஆர். பிழை’ என்ற சொல் வராத வழக்கு எத்தனை இருக்கும்? பிழையைத் திருத்த வேண்டுமானால் அதற்கு முந்தைய ஆவணம் கொண்டுவா என்கிறார்கள். அந்த ஆவணம் யார் பொறுப்பில் இருந்தது? உங்கள் பொறுப்பில். உங்கள் அறையில் தொலைந்ததை என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்கிறீர்கள்.

கணினிமயமாக்கிவிட்டோம் என்பது அடுத்த பதில். மகிழ்ச்சி. யு.டி.ஆரில் ஏறிய பிழை முன்பெல்லாம் தாலுகா அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும்தான் பிழை. இப்போது இருபத்து நான்கு மணி நேரமும் பிழை, கையடக்கப் பேசியிலும் பிழை. பழைய பக்கங்களை ஸ்கேன் செய்திருக்கிறார்கள். பாதிப் பக்கத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் விழுந்திருக்கிறது. ஸ்கேன் ஆகிவிட்டதே என்று மூலக் கட்டைச் சாக்கில் கட்டிப் படிக்கட்டுக்குக் கீழே போட்டாயிற்று. திருவெண்ணெய்நல்லூர்க் கிழவருக்குத் தெரிந்தது நம் மின் ஆளுமை வல்லுநர்களுக்குத் தெரியவில்லை.

காகிதம் தொலைவதில் ஆள் சாவதில்லையே, ஏன் இவ்வளவு கத்துகிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனில், கரீபியத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்தவர்களின் வருகைச் சீட்டுகளை உள்துறை அலுவலகம் 2010இல் இடம் அடைக்கிறது என்று அழித்தது. அரை நூற்றாண்டு அங்கே உழைத்த கிழவர்களிடம், நீ வந்ததற்கு ஆதாரம் காட்டு என்று அதே அலுவலகம் பிறகு கேட்டது. வேலை போயிற்று, மருத்துவம் போயிற்று, சிலரை நாடு கடத்தவும் செய்தார்கள். 2018இல் விண்ட்ரஷ் விவகாரம் என்று வெடித்து அமைச்சர் பதவி விலகினார். அங்கே பதவியாவது விலகினார்கள்.

இங்கே? 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவு இடிந்து வ.உ.சி. நகர் வீடுகள் மேல் விழுந்தது. ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். மலை மேல் தீபம் ஏற்ற இரண்டு வாரம் கூட இல்லாத நேரம். சரிந்த பிறகு வல்லுநர் குழு வந்தது, கணக்கெடுப்பு வந்தது. மலைச்சரிவில் எத்தனை வீடு, எது பட்டா, எது புறம்போக்கு, எது வனம், எந்த வீட்டுக்கு எந்த அலுவலகம் எந்தத் தேதியில் எந்த ரசீது கொடுத்தது, இந்தப் பட்டியல் மழைக்கு முன்னால் இருந்திருக்க வேண்டியது. ஏழை ஒருவன் சரிவில் குடிசை போட்டால் அது ஆக்கிரமிப்பு என்று சொல்ல ஆள் உண்டு. அங்கே குடியிருக்க அவனை விட்டது யார், அவனிடம் வாங்கியது என்ன, வேறு இடம் கேட்டு அவன் கொடுத்த மனு எந்தக் கட்டில் இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. ஏழு பேரின் இறப்பை மட்டும் ஒழுங்காகப் பதிவு செய்திருப்பார்கள். நிவாரணம் வழங்க அது தேவை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டத்தில், சட்டத்தை மீறி ஆவணத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோனாலும் அழித்தாலும் ஐந்தாண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அது மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் ஏற்பட்டது. நம் தாலுகாக் கரையானை அது கட்டுப்படுத்தாது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு முதல் வரியிலேயே ஆவணங்களை அட்டவணைப்படுத்தி வை என்கிறது. கோப்பு கிடைக்கவில்லை என்பது பதிலே ஆகாது, தேடு, விசாரி, பொறுப்பானவர் யார் என்று முடிவு செய் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லியாயிற்று. இவை எல்லாம் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டப்படும். சட்டத்துக்குப் பின்னால் பல்லி குடியிருக்கும்.

ஆகவே புதிய சட்டம் வேண்டாம், பயிற்சி முகாம் வேண்டாம், சமோசா வேண்டாம். ஒரே ஒரு வரி ஆணை போதும். மாறுதலில் போகும் அதிகாரிக்கும் ஊழியருக்கும் கடைசி ஊதியச் சான்று இல்லாவிட்டால் புது இடத்தில் சம்பளம் வராது. இது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தன் பொறுப்பில் இருந்த கோப்புகளை எண் வாரியாக ஒப்படைத்து, வந்தவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்ட பட்டியல் இல்லாமல் அந்தச் சான்று கிடையாது என்று அரசு சொல்லட்டும். கலெக்டருக்கும் அதுதான், கோயில் செயல் அலுவலருக்கும் அதுதான், காவல் ஆய்வாளருக்கும் அதுதான். பட்டியலில் ஒரு எண் குறைந்தால் அந்த மாதச் சம்பளம் நிற்கட்டும். வேலூர் பஸ்ஸில் முப்பத்தைந்து வருடமாக வந்துகொண்டிருக்கும் கட்டுகள் ஒன்றாம் தேதிக்குள் பேருந்து நிலையத்தில் இறங்கும். பிளாஸ்டிக் வாளி இருந்த இடத்தில் ஓடு மாற்றப்படும். பதிவறைக்கு மாறுதல் கேட்டுச் சட்டமன்ற உறுப்பினரின் சிபாரிசுக் கடிதம் வரும். எதிர்த்துச் சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவிக்கும், அறிவிக்கட்டும். வேலை செய்யாத நாளுக்கு ஊதியம் இல்லை என்ற அரசாணையின் எண்ணும் தேதியும் அவர்களுக்கு மனப்பாடம்.